நான் பிடித்துப் பார்த்த கைகள்

துபாயிலிருந்து பிரவீன் போன் செய்தான். எங்கள் பேஸ்பால் லீக்கில் எனக்குப் பிறகு அம்பயராக நிற்கிறவன். திருச்சிப் பக்கம்.

"சார், ரூல் மாத்திட்டாங்க. இனிமே சந்தேகம் வந்தாதான் செக்கிங்னு இல்ல. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிஞ்சதும் எல்லா பிட்சரும் அவனவனா வந்து கையை நீட்டணும். தொப்பி, கிளவுஸ் எல்லாம் காட்டணும். ஒருத்தனும் மூஞ்சியத் தூக்குறதில்ல சார், ஏர்போர்ட்ல பெல்ட்டக் கழட்டுற மாதிரி கழட்டிக் காட்டிட்டுப் போறான்."

"நல்லதுதான்" என்றேன்.

"உங்க காலத்துல எப்படிப் பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்க சார். புது அம்பயருங்க கேக்குறாங்க. கையத் தொட்டா என்ன பசைன்னு சொல்ற ஆளு ஒருத்தர் இருந்தாராமேன்னு."

இருந்தார்தான். நான்தான் அது. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்பு தாண்டாத தக்கலைக்காரன், அமெரிக்காக்காரனையும் ஜப்பான்காரனையும் நடு மைதானத்தில் நிறுத்தி "கையைக் காட்டு" என்று சொல்லியிருக்கிறேன். அவர்களும் காட்டியிருக்கிறார்கள். வளைகுடா முழுக்கத் தேடினாலும் என்னை மாதிரி இன்னொரு ஆள் கிடைக்க மாட்டான். இப்போது நாகர்கோவிலில் இந்த வீட்டில் நான் ஒருவன்தான். எழுத நேரம் நிறைய இருக்கிறது.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் பவுலர் மாதிரி இதில் பிட்சர். பந்து தரையில் குத்தாது, காற்றிலேயே வளைய வேண்டும். விரல் நுனியில் கொஞ்சம் பிசுபிசுப்பு இருந்துவிட்டால் பிடி இறுகும், பந்து கூடுதலாகச் சுழலும், அடிக்கிறவன் பக்கத்தில் வந்து சட்டென்று கீழே விழும். அவன் காற்றை அடித்துவிட்டு நிற்பான். அதனால்தான் கையில் எதையும் தடவக் கூடாது. மைதானத்தில் மரப்பிசின் பொடி போட்ட சின்னத் துணிப்பை ஒன்று கிடக்கும், வியர்வைக்கு அதை மட்டும் தொடலாம். அதைத் தவிர கையில் எது ஒட்டினாலும் கள்ளத்தனம்.

நான் முதலில் போனது துபாயில் அல் கூஸ் பகுதியில் ஒரு கார்பெட் கம்பெனிக்கு. பசை போடுகிற வேலை. வருஷக்கணக்காக முழங்காலில் தவழ்ந்து ஆபீஸ் ஆபீஸாகக் கார்பெட் ஒட்டினேன். பிசுபிசுப்பில் எத்தனை வகை உண்டு என்பதை என் விரல்கள் அங்கேதான் படித்தன. நூல் மாதிரி இழுபடுவது ஒன்று, விரலை எடுக்கும்போது டப்பென்று விடுவது இன்னொன்று, சூட்டில் மறுபடி இளகுவது வேறொன்று. முழங்கால் போன பிறகு ஒரு கிளப்பில் மைதான வேலைக்கு மாறினேன். வெளிநாட்டுக்காரர்கள் பேஸ்பால் ஆடுகிற கிளப். தண்ணீர் அடிப்பது, செம்மண்ணைச் சமன் செய்வது, சுண்ணாம்புக் கோடு போடுவது. கோடு போட்டுவிட்டு ஓரமாக நின்று பார்த்துப் பார்த்தே ஆட்டம் முழுதும் எனக்குப் பாடமாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அம்பயர் வரவில்லை. தலைமை அம்பயர் டெப்ரா மேடம் சுற்றிப் பார்த்தார்கள். "அந்தக் கோடு போடும் மனிதரைக் கூப்பிடுங்கள்" என்றார்கள். போய் நின்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரு தீர்ப்பைக்கூட யாரும் மறுக்கவில்லை. அப்படியே அம்பயர் ஆகிவிட்டேன்.

டெப்ரா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனடா நாட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், என்னைவிட மூத்தவர்கள். குரல் மட்டும் ஆம்பிளைக் குரல். அந்தக் குரலை அவர்கள் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோச் எவனாவது கத்திக்கொண்டு ஓடி வந்தால் பதில் சொல்ல மாட்டார்கள். இடுப்பிலிருந்து சின்ன பிரஷ்ஷை எடுத்துக் குனிந்து, அடிக்கிறவன் நிற்கும் இடத்திலுள்ள வெள்ளைத் தகட்டின் மண்ணைத் துடைப்பார்கள். ஏற்கெனவே சுத்தமாக இருக்கிற தகடு. நாலு மூலையையும் துடைத்து நிமிரும்போது கத்தியவன் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். "இப்போது சொல்லுங்கள்" என்பார்கள். பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போவார்கள்.

கையைச் சோதிக்கிற முறை அவர்கள் வைத்ததுதான். முதலில் அம்பயர் தன் கையைக் காட்ட வேண்டும். மேட்சுக்கு முன்னால் இரண்டு கேப்டன்களுக்கும் எதிரே சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்ட வேண்டும். சோதிக்கப் போகிறபோது ஓடக் கூடாது, நடக்க வேண்டும். பிட்சரிடம் முதலில் தொப்பி, பிறகு கிளவுஸ், கடைசியில்தான் கை. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. நம் கையை நீட்ட வேண்டும், அவனாகத் தன் கையை அதில் வைக்க வேண்டும். "அவன் கள்ளனா இல்லையா என்று உனக்கு இன்னும் தெரியாது. தெரியாத வரைக்கும் அது ஒரு மனிதனின் கை" என்பார்கள். அப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் மட்டும்தான் சோதனை. எல்லாரும் பார்க்க ஒருத்தனைக் கையை நீட்டச் சொல்வது, கடை வாசலில் ஒருத்தன் பையைத் திறந்து காட்டச் சொல்கிற மாதிரி.

இதனால் எனக்கு வந்த கஷ்டம் வேறு. மேட்ச் நாளில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் கிடையாது. நெற்றி வியர்வையைத் துடைத்தால் கையில் எண்ணெய் ஏறிவிடுமே. கையால் பிசைந்து சாப்பிடக் கூடாது, ஸ்பூன்தான். சன்ஸ்கிரீன் கிரீமும் கிடையாது. துபாய் வெயிலில் முகம் அடுப்பில் வைத்த சட்டி மாதிரி ஆனது எனக்குத்தான்.

அந்தக் கிரீமால் ஒரு தடவை பெரிய களேபரம் நடந்தது. வெனிசுலாக்காரன் ஒருவன், எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். எதிர் டீம் புகார் கொடுத்தது. போய்ப் பார்த்தேன். விரல் ஒட்டியது. ஆனால் நூல் இழுபடவில்லை, விரலை எடுத்ததும் மாவு மாதிரி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். முகத்துக்குப் போட்ட கிரீமும் மரப்பிசின் பொடியும் வியர்வையில் கலந்திருந்தது. வெயிலுக்கு முகத்தில் கிரீம் போட லீக்கில் அனுமதி உண்டு, பொடிக்கும் உண்டு. கைகழுவிவிட்டு வரச் சொன்னேன். கழுவினான், வந்தான், ஆடினான். டெப்ரா மேடம் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினார்கள். அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் "ராஜை அனுப்புங்கள், அவர் சொன்னால் சரி" என்று ஆகிவிட்டது. என் பெயர் தங்கராஜ். அவர்களுக்கு ராஜ்.

பெயர் வந்தது. ஆள் வரவில்லை. அம்பயர் எந்த டீமோடும் உட்காரக் கூடாது, அவர்கள் தரும் தண்ணீரைக்கூட வாங்கக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் அவர்கள் ஒரு பக்கம் கறி சுட்டுச் சாப்பிடுவார்கள், நான் சாமான் வைக்கும் அறையில் டிபன் பாக்ஸைத் திறப்பேன். ரூமில் இருந்த நம் ஊர்க்காரர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. சேர்ந்து சமைப்பார்கள், சீட்டு ஆடுவார்கள், சண்டை போட்டுச் சமாதானம் ஆவார்கள். வெள்ளிக்கிழமை நான் மைதானத்தில். போகப் போக ரூமில் பேச்சு நான் உள்ளே வந்ததும் வேறு பக்கம் திரும்ப ஆரம்பித்தது. விரோதம் ஒன்றும் இல்லை. அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியாமல் போய்விட்டது. பிறகு கிளப்பே மைதானத்தின் பின்னால் எனக்குத் தனி அறை கொடுத்தது. தனி ஏசி. கார்பெட் கம்பெனியில் ஒரே அறையில் கால் நீட்ட இடம் இல்லாமல் படுத்தவனுக்குத் தனி அறை. ஊருக்குப் போன் பண்ணிப் பெருமையாகச் சொன்னேன்.

அந்த அறைக்குள் எனக்காக வந்த ஒரே ஆள் நிக்சன்.

குளச்சல்காரன். ஏசி டெக்னீஷியன். துபாய் கோடையில் மொட்டை மாடியில் நின்று ஏசிக் காற்றுப் போகிற டக்ட் குழாய் மாட்டுகிற வேலை. ஊரில் காலேஜ் டீமில் பிட்சராக ஆடியவன். இங்கே பிலிப்பைன்ஸ்காரர்கள் டீம் ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது. முதல் நாள் என்னைப் பார்த்ததும், "அண்ணே, நீங்க நம்ம ஊராக்குமா? வெள்ளக்காரன்லாம் உங்களக் கண்டு நடுங்குறானுவ, நான் ஏதோ பெரிய ஆளுன்னுலா நெனச்சேன்" என்றான். சிரித்துவிட்டேன். அவன் டீம் ஆடும் மேட்சில் நான் நிற்பதில்லை என்று டெப்ரா மேடத்திடம் நானே சொல்லிவிட்டேன். அவர்களும் சரி என்றார்கள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை காலையில் என் அறைக்கு வருவான். வந்ததும் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பிப்பான். குளச்சல் மீன், அவன் தங்கச்சி கல்யாணம், சூப்பர்வைசர் பாக்கிஸ்தானியின் மீசை. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வாரத்துக்கு அந்த ஒரு காலைதான் என் அறையில் தமிழ் கேட்கும்.

அந்த வருஷம் சீசன் முடிகிற சமயம். ஒரு அமெரிக்கன் பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் உதவி கோச் வேலை காலியாக இருந்தது. நிக்சன் பெயர் அடிபட்டது. கடைசி மேட்சில் அவன் பந்து போடுவதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்து ஆட்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"கிடைச்சா மொட்ட மாடிக்கு ஒரு கும்பிடுண்ணே. இந்தக் கோடையில நான் மேல ஏற மாட்டேன் கேட்டியளா" என்றான்.

அன்று காலையில் நான் ஒரு பலாப்பழம் வாங்கி வைத்திருந்தேன். மலையாளி கடையில் சக்கை வந்திருந்தது; பலாவுக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. வெட்டப் போகிறபோது தேங்காய் எண்ணெய் பாட்டிலை அவன் பக்கம் தள்ளினேன். எனக்கு அன்று மேட்ச் இல்லை, நான் கை நிறையத் தடவிக்கொண்டேன்.

"எனக்கு வேண்டாம்ணே. சாயங்காலம் பந்து போடணும். கையில எண்ணெ இருந்தா வழுக்கும்லா."

"லேய், எண்ணெ போடாம சக்க வெட்டுனா பிசின் அரக்கு மாதிரி பிடிக்கும்லே. பொறவு சுரண்டிட்டு நிப்ப."

"கவர் இருக்குல்லா" என்று இரண்டு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக் கொண்டான். மணிக்கட்டில் முடிச்சு. என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி டாக்டர் மாதிரி நின்றான். சுளை எடுத்து, கொட்டை நீக்கி, பேசிப் பேசி பாதிப் பழத்தைத் தின்றோம். பையைக் கழற்றியபோது விரலெல்லாம் சுத்தமாக இருந்தது. பெருமையாகக் காட்டினான். பையின் முடிச்சுக்கு மேலே, முன்கையில் என்ன பட்டிருந்தது என்று அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துப் பிட்சர் ஒருத்தனைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு சங்கதி நடக்காது.

மத்தியானம் டெப்ரா மேடம் போன். நிக்சன் மேட்சுக்குப் போட்டிருந்த அம்பயருக்குக் காய்ச்சல், வேறு ஆளே இல்லை, நான் தகட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், அவர்கள் ஓடுகிறவர்களைப் பார்க்க பேஸ் பக்கம் நிற்கிறார்கள். நான் சொன்னேன், "மேடம், நிக்சன் எனக்கு வேண்டிய ஆள்." அவர்கள் சொன்னார்கள், "தெரியும். இரண்டு கேப்டன்களிடமும் சொல்லிவிட்டேன். உன்னை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை." அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சோப்புப் போட்டுப் போட்டு எண்ணெயைக் கழுவினேன். இரண்டு கேப்டன்களுக்கும் கையைக் காட்டினேன்.

நிக்சன் அன்று போட்ட மாதிரி அவன் அதற்கு முன் போட்டதே இல்லை. ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் வலது கை விரலால் இடது முன்கையைத் தடவிக்கொள்வான். அது அவன் பழக்கம். சிலர் காதைத் தொடுவார்கள், சிலர் தொப்பியைத் தொடுவார்கள். அன்றைக்கு அவன் தடவினான், போட்டான், பந்து விழுந்தது. மறுபடி தடவினான், பந்து விழுந்தது. பள்ளிக்கூடத்து ஆட்கள் நிழலில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது இன்னிங்ஸில் எதிர் டீம் கோச் ஸ்காட் எழுந்து வந்தார். நல்ல மனிதர், வம்பு பிடித்தவர் இல்லை. "ராஜ், அவன் முன்கையைத் தொடும்போதெல்லாம் பந்து வளைகிறது. நீ பார்க்க வேண்டும்."

நடந்து போனேன். தொப்பி பார்த்தேன். கிளவுஸ் பார்த்தேன். என் கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டே கையை வைத்தான்.

"நல்லாப் பாருங்கண்ணே. ஒண்ணும் கிடையாது."

விரல் லேசாக ஒட்டியது. முன்கையைத் திருப்பினேன். மணிக்கட்டுக்கு மேலே ஒரு பட்டை, மண் ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. என் விரலை வைத்து எடுத்தேன். தோல் விரலோடு எழும்பி வந்து பிறகு விட்டது. வெயில் சூட்டில் இளகியிருந்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் முகர்ந்தேன்.

அவன் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, காலையில உள்ளதாக்கும். நீங்களும் இருந்தியள்லா."

"இருந்தேன்."

"கழுவிட்டு வாறேன். ஒரு நிமிஷம்."

அவன் எப்போது அதைக் கவனித்தான், கவனித்த பிறகும் தொட்டானா என்பதை நான் கேட்கவில்லை. கிரீம் அனுமதி உள்ள பொருள், பலாப்பிசின் இல்லை. கையில் அந்நியப் பொருள், பந்து வளைந்திருக்கிறது. ரூலில் அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் வேறு எவனாவது நின்றிருந்தால் கழுவச் சொல்லிவிட்டு ஸ்காட்டிடம் பேசிப் பார்த்திருப்பேன். நின்றது நிக்சன். இரண்டு டீமும், பள்ளிக்கூடத்து ஆட்களும், டெப்ரா மேடமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையைத் தூக்கி வெளியே காட்டினேன்.

அவன் நகரவில்லை. "அந்த வெனிசுலாக்காரனக் கழுவிட்டு வரச் சொன்னியளே. எனக்கு மட்டும் வெளியவா?"

"அவன் எனக்கு யாருலே? நீ என் ஆளு."

"அதுக்கா?"

"அதுக்குத்தான். போ மக்கா."

அவன் போன பிறகு நான் நேராக டெப்ரா மேடத்திடம் போனேன். யாரும் கேட்காமல் நானே சொன்னேன். இது பலாப்பழத்தின் பிசின், என் அறையில் வெட்டியது, நானும் கூட இருந்தேன், இவன் வேண்டுமென்று தடவியது இல்லை. அவர்கள் தகடு வரைக்கும் நடந்து வந்து, குனிந்து அதைத் துடைத்தார்கள். நாலு மூலையும். பிறகு நிமிர்ந்து, "நீயும் இந்த மேட்சில் இருக்க முடியாது ராஜ்" என்றார்கள். பந்து படாமல் இருக்க மாட்டியிருந்த அம்பயர் முகமூடியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர்களே அதை மாட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றார்கள்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. நான் போய்ச் சொன்னதையே மறுபடி சொன்னேன். பலாப்பிசின் என்றால் என்ன என்று விளக்கினேன். ஒருத்தர் மரியாதையாகத்தான் கேட்டார், "மிஸ்டர் ராஜ், நீங்கள் இருவரும் ஒரே ஊர், இல்லையா?" ஒரே மாவட்டம் என்றேன். அவர் தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார். அந்த லீக்கில் என் விரலை நம்பாதவன் கிடையாது. அன்று ஒரு நாள் மட்டும் அதற்கு மதிப்பு இல்லாமல் போனது. யாரோ முன்பின் தெரியாத அம்பயர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். நிக்சனுக்கு அடுத்த சீசன் முழுக்கத் தடை. கள்ளப் பந்து என்று பெயர். பள்ளிக்கூடத்து வேலைக்கு வேறு ஆளை எடுத்தார்கள்.

அவன் அறைக்கு வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. ஜெபல் அலி பக்கம் வேறு தொழிலாளர் கேம்ப்புக்கு மாறிவிட்டதாக அவன் கூட்டாளி ஒருத்தன் சொன்னான். "மாடி வேலைதான் அங்கிள், பயங்கரச் சூடு" என்றான்.

அதே தீர்ப்பை இன்றைக்கும் சொல்வேன். என் ஆள் என்று ஒருத்தனை ஒரு தடவை விட்டுவிட்டால், நான் பிடித்துப் பார்த்த அத்தனை கைகளும் பொய்யாகிவிடும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிரவீன் சொல்கிற புது ரூல் அப்போது இருந்திருந்தால் முதல் இன்னிங்ஸ் முடிந்ததுமே அந்தப் பட்டை தெரிந்திருக்கும், கழுவிவிட்டு வந்திருப்பான், ஒருத்தரும் நினைவுகூட வைத்திருக்க மாட்டார்கள். அதை நினைத்துத்தான் பிரவீன் கேட்டதை எழுத ஆரம்பித்தேன்.

நான் ஓய்வு பெற்றபோது கிளப் ஹாலில் விழா வைத்தார்கள். எந்தத் தொழிலாளிக்கும் அங்கே அப்படி ஒன்று நடந்ததில்லை. ஸ்காட் பேசினார், வெனிசுலாக்காரன் கட்டிப் பிடித்தான், டெப்ரா மேடம் கனடாவிலிருந்து வீடியோவில் வந்தார்கள். பிட்சர்கள் எல்லாரும் வரிசையாக நின்று வேடிக்கையாகக் கையை நீட்டினார்கள். நான் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து "ஓகே, ஓகே" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரே கைதட்டல்.

அன்று ஹாலில் ஏசி வேலை செய்யவில்லை. கூட்டம் வேர்த்து ஒழுகியது. மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து, மூலையில் ஏணி போட்டுக் கூரைப் பலகையைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசிக்கு நான் வந்தபோது ஏணியில் இருந்தவன் கீழே இறங்கினான். நிக்சன். மெலிந்திருந்தான். சட்டையில் கம்பெனிப் பெயர்.

"நல்லா இருக்கியளாண்ணே" என்றான்.

"நல்லா இருக்கேன்லே. நீ?"

"இருக்கேன்."

பிட்சர் வரிசை அங்கேயே முடிந்திருந்தது. என் கை அந்தப் பழக்கத்திலேயே நீண்டுவிட்டது. உள்ளங்கையை மேலே விரித்து நின்றேன். அவன் அதைப் பார்த்தான். தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டான். டக்ட்டின் கறுப்புத் தூசி முழங்கை வரைக்கும் இருந்தது.

"வேண்டாம்ணே, கையெல்லாம் அழுக்காக்கும்" என்றான். டூல் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

மேலே மோட்டார் ஓட ஆரம்பித்தது. குளிர் காற்று இறங்கியதும் ஹாலில் எல்லாரும் ஓவென்று சத்தம் போட்டார்கள், யாரோ அவனுக்கும் கை தட்டினார்கள். அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும் வரைக்கும் நான் நீட்டிய கையை எடுக்கவில்லை.